நோயில்லாதவர் உடம்பில் முதல் ஊசி: சென்னையின் எச்.ஐ.வி. தடுப்பூசி சோதனை நமக்குச் சொல்வது என்ன?

செமினி – எச்.ஐ.வி. தடுப்பூசியை மனிதர்களுக்குப் போட்டுச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பெரும்பாலோர் மனத்தில் மூன்று கேள்விகள் எழும். நோயே இல்லாதவருக்கு எதற்கு ஊசி? அந்த ஊசியாலேயே எச்.ஐ.வி. வந்துவிடாதா? இப்படி உடம்பைக் கொடுக்க முன்வருபவர் யார், பணத்துக்கு வந்தவரா, விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டவரா?

மூன்றும் நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் 32 பேர் அப்படி ஒரு சோதனையில் சேர்ந்தார்கள். அவர்கள் அனைவரும் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள்.

இது செமினி மக்களுக்குத் தொடர்பில்லாத செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று தாமான்கள் எழுந்துவிட்டன. 2005 முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இங்கேதான் இயங்குகிறது. தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் மருந்தியலும் உயிர்மருத்துவமும் படிக்கிறார்கள். காஜாங், செர்டாங் மருத்துவமனைகளுக்குப் போய் வராத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. மலேசியாவில் புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் தொடர்ந்து நடக்கின்றன. "இந்த ஆய்வில் சேர விருப்பமா?" என்ற கேள்வி நம் வீட்டில் யாருக்கும் ஒருநாள் வரலாம். வரும்போது என்ன பதில் சொல்வது, அதற்கு முன் எதையெல்லாம் கேட்பது என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சேத்துப்பட்டில் நடந்தது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட ஊரே சென்னைதான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது தெரிய வந்தது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி பதிவானதும் அதே 1986-இல்தான்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2006 ஜனவரியில், சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, சர்வதேச எய்ட்ஸ் தடுப்பூசி முன்னெடுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து அதை நடத்தின. அந்த மையம் சோதனைகளுக்குப் புதிதல்ல. 1956-இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம், காசநோயாளிகளை மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. இன்று நம் கிளினிக்குகளில் காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்வதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

சென்னைக்கு ஓராண்டு முன்பு, 2005 பிப்ரவரியில், புனேயில் வேறொரு எச்.ஐ.வி. தடுப்பூசி முதல் கட்டச் சோதனைக்கு வந்திருந்தது. அதில் 30 பேர் சேர்ந்தனர். அந்த ஊசி பாதுகாப்பானது என்று தெரிந்தது. ஆனால் உடம்பில் போதிய எதிர்ப்பாற்றலைத் தூண்டவில்லை. எனவே அது மேற்கொண்டு போகவில்லை. சென்னையின் ஊசி வேறு வகை. அதன் பெயர் டி.பி.சி.-எம்4.

ஊசிக்குள் என்ன இருந்தது?

ஊசியாலேயே எச்.ஐ.வி. வருமா என்ற கேள்விக்கு வருவோம். வராது. அந்த ஊசியில் எச்.ஐ.வி. கிருமியே இல்லை; உயிருள்ளதும் இல்லை, கொல்லப்பட்டதும் இல்லை.

திருடனைப் பிடிக்கப் போலீஸ் நாய்க்குத் திருடனையே கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை. அவன் விட்டுப்போன சட்டையை மோந்து பார்த்தால் போதும். தடுப்பூசி செய்வதும் அதுதான். எச்.ஐ.வி.யின் சில மரபணுத் துண்டுகளை மட்டும் எடுத்து, வேறொரு தீங்கற்ற வைரஸில் ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அந்தத் துண்டுகளிலிருந்து எச்.ஐ.வி.யின் சில புரதங்கள் உருவாகும். உடம்பின் காவல் அணுக்கள் அவற்றை அடையாளம் வைத்துக்கொள்ளும். முழுக் கிருமி உருவாகத் தேவையான அனைத்தும் அதில் இல்லாததால் எச்.ஐ.வி. பிறக்க வழியில்லை.

துண்டுகளைச் சுமந்து சென்ற வைரஸ், பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வைரஸின் பலவீனமாக்கப்பட்ட வகை. கோழிக்கரு அணுக்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்ததால், மனித உடம்பில் பெருகும் திறனை அது பெரும்பாலும் இழந்துவிட்டது. 1970-களில் ஜெர்மனியில் சுமார் 120,000 பேருக்குப் பெரியம்மைத் தடுப்புக்காக அது போடப்பட்டது. இன்று குரங்கம்மைக்குப் போடப்படும் ஊசியிலும் அதே வகை வைரஸ்தான் உள்ளது. ஆக, சுமந்து செல்லும் வண்டி பழகியது. அதில் ஏற்றிய சரக்குதான் புதிது. இந்தியாவில் அதிகம் பரவியிருக்கும் 'சி' வகை எச்.ஐ.வி.யின் துண்டுகள் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

முதல் கட்டம் எதைத் தேடுகிறது?

தடுப்பூசி மனிதர்களிடம் மூன்று கட்டங்களாகச் சோதிக்கப்படுகிறது. முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோர். கோவிட் காலத்தில், 2021 ஜனவரியில், சீனத் தயாரிப்புத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனை மலேசியாவில் தொடங்கியது. அதற்கு 3,000 தன்னார்வலர்கள் தேவைப்பட்டனர். ஊசி நோயைத் தடுக்கிறதா என்பது மூன்றாம் கட்டத்தின் கேள்வி.

முதல் கட்டத்தின் முதன்மைக் கேள்வி அதைவிட எளிது: இந்த ஊசி ஆளுக்குத் தீங்கு செய்கிறதா? கூடவே, உடம்பு இதைக் கண்டு விழித்துக்கொள்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டவரை யாரும் எச்.ஐ.வி. கிருமியின் முன் நிறுத்துவதில்லை. மாறாக, நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். பாதுகாப்பான உடலுறவு பற்றிய ஆலோசனையும் சோதனைக் காலம் முழுவதும் அவர்களுக்குத் தரப்படும்.

நோயில்லாதவர் ஏன் என்பதற்கும் இங்கேதான் பதில். ஏற்கெனவே நோயுள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் அது நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஈரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருப்பவரிடம் ஏதாவது மாறினால் உடனே தெரியும். மேலும், தடுப்பூசி என்பதே நலமாக இருப்பவருக்குப் போடுவது. புற்றுநோயாளி ஒருவர் மருந்தின் கடுமையைப் பொறுத்துக்கொள்வார், ஏனெனில் அவருக்கு வேறு வழி குறைவு. நலமாக இருப்பவர் எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? அதனால் தடுப்பூசிக்கான பாதுகாப்பு அளவுகோல் மற்ற மருந்துகளைவிட உயரமாக வைக்கப்படுகிறது.

சென்னைச் சோதனையில் ஆறு மாத காலத்தில் ஒருவருக்கு மூன்று ஊசிகள். முதலில் குறைந்த அளவு மருந்து பெறும் குழு. அந்தக் குழுவின் விவரங்களைப் பரிசீலித்த பிறகே கூடுதல் அளவு பெறும் குழு. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, அவரைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. ஊசி குத்தினாலே சிலருக்குத் தலைசுற்றும், கை வலிக்கும். அது மருந்தால் வந்ததா, ஊசி குத்தியதால் வந்ததா என்று பிரித்தறிய இந்த ஒளிவு தேவைப்படுகிறது.

ஒரே நாளில் அனைவருக்கும் போட்டால்?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை அதே 2006-ஆம் ஆண்டே காட்டியது. மார்ச் 13-ஆம் தேதி, லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டி.ஜி.என்.1412 என்ற புதிய மருந்து ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்குச் செலுத்தப்பட்டது. அது தடுப்பூசி அல்ல. இரத்தப் புற்றுநோய், மூட்டு அழற்சி போன்றவற்றுக்காக உருவாக்கப்பட்ட மருந்து. விலங்குகளுக்கு இதைப்போல் 500 மடங்கு கொடுத்தும் எதுவும் ஆகவில்லை. ஆனால் மனிதர்களுக்கு, ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் செலுத்தி முடித்த சற்று நேரத்திலேயே, ஆறு பேரும் கடுமையாக நோயுற்றனர். உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள் என்பது மட்டுமே ஆறுதல்.

முதல் ஆளுக்குச் செலுத்திவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்த்திருந்தால் மற்ற ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். அதன்பின் விதிகள் இறுகின. புதிய மருந்தை முதலில் ஓரிருவருக்கு மட்டும் கொடுத்து, காத்திருந்து, கவனித்து, பிறகே அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பது இன்று உலகெங்கும் எதிர்பார்க்கப்படும் நடைமுறை. சோதனையை நடத்துபவர்களோடு தொடர்பில்லாத ஒரு பாதுகாப்புக் குழு இடையிடையே விவரங்களைப் பார்க்கும். சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு.

32 பேர் சொன்னதும் சொல்லாததும்

சென்னைச் சோதனையின் முடிவு 2009-இல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஊசி குத்திய இடத்தில் வலி, உடம்பு அசதி, காய்ச்சல் போன்றவை இருந்தன. அவற்றில் பெரும்பகுதி லேசானவை. தடுப்பூசியால் உண்டான கடும் பாதிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் பதிவாகவில்லை. மூன்று ஊசிகளுக்குப் பிறகு குறைந்த அளவு பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரின் உடம்பும், கூடுதல் அளவு பெற்ற அனைவரின் உடம்பும் எச்.ஐ.வி.யின் அடையாளத்தைக் கண்டுகொண்டன. ஆனால் அந்த விழிப்பின் வலிமை மிதமானதே. பின்னர் சென்னையிலும் புனேயிலும் சேர்ந்து 32 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் வேறொரு ஊசியோடு இணைத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அதன் முடிவும் பாதுகாப்பு விஷயத்தில் நிறைவளித்தது. ஆயினும் டி.பி.சி.-எம்4 மருந்துக்கடைக்கு வரவில்லை.

"பாதுகாப்பானது" என்ற சொல்லை இங்கே நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 30 பேருக்கு ஊசி போட்டு ஒருவருக்கும் கடும் பாதிப்பு இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. புள்ளியியல் கணக்குப்படி, பத்தில் ஒருவருக்கு மேல் அந்தப் பாதிப்பு வராது என்றுதான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 3,000 பேரிடம் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் வராது என்று சொல்லலாம். முதல் கட்டம் பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வலை. சின்ன ஓட்டைகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அப்படித் தப்பியதும் உண்டு. மெர்க் நிறுவனத்தின் எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்று தொடக்கக் கட்டங்களைத் தாண்டி 3,000 பேர் கொண்ட பெரிய சோதனைக்குப் போனது. 2007 செப்டம்பரில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. அது நோயைத் தடுக்கவில்லை. அதோடு, ஊசி பெற்ற ஆண்களில் ஒரு பிரிவினரிடம் எச்.ஐ.வி. தொற்று கூடுதலாகவே காணப்பட்டது. ஊசியில் எச்.ஐ.வி. இருந்ததால் அல்ல, சுமந்து சென்ற வைரஸுக்கு அவர்கள் உடம்பு ஏற்கெனவே பழகியிருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது.

அண்மையில் கோவிட் ஊசிகளின் அதே எம்.ஆர்.என்.ஏ. முறையில் செய்த எச்.ஐ.வி. தடுப்பூசிகள் அமெரிக்காவில் 108 பேரிடம் முதல் கட்டச் சோதனைக்கு வந்தன. 2025-இல் முடிவு வெளியானது. எதிர்ப்பாற்றல் நன்றாகவே தூண்டப்பட்டது. ஆனால் 7 பேருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வந்தன. சிலருக்கு அது நீண்டகாலம் நீடித்தது. கோடிக்கணக்கானோருக்குப் போட்ட பிறகு தெரிய வேண்டிய ஒன்று, 108 பேரிலேயே தெரிந்துவிட்டது. முதல் கட்டம் தன் வேலையைச் செய்தது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

நோயில்லை, ஆனால் 'பாசிட்டிவ்'

எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை கிருமியை மட்டும் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளையும் தேடுகிறது. தடுப்பூசி வேலை செய்தால் அதே எதிர்ப்பொருள் உடம்பில் உண்டாகும். ஆகவே எச்.ஐ.வி. இல்லாத தன்னார்வலர், சாதாரணப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று காட்டப்படலாம். சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

மருத்துவருக்கு இது பெரிய விஷயமில்லை. கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடும் பரிசோதனையைச் செய்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் நம் வாழ்க்கை மருத்துவரோடு முடிவதில்லை. ஆயுள் காப்புறுதி எடுக்கப் போகிறவர், இரத்த தானம் செய்யப் போகிறவர், திருமணத்துக்கு முன் பரிசோதிக்கிறவர், சிங்கப்பூருக்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர் என எத்தனையோ பேர் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு. ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இதன் கனம் தெரியும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்னத் தாமானில் 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் வெளியே கசிந்தால் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்து நடப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ஒழுங்காக நடக்கும் எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைகளில் இதைச் சேரும் முன்பே சொல்கிறார்கள். சோதனையில் பங்கேற்றவர் என்பதற்கான அடையாள அட்டை தருகிறார்கள். சோதனை முடிந்த பிறகும் சரியான பரிசோதனையைச் செய்து சான்று தர ஏற்பாடு செய்கிறார்கள். ஊசியின் பின்விளைவு காய்ச்சலோடு முடிந்துவிடும். சமூகத்தின் பின்விளைவு நீளும். பாதுகாப்பு என்பது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது.

கேட்காமல் செய்த சோதனைகள்

உடம்பைச் சோதனைக்குக் கேட்பது மலேசிய மண்ணுக்குப் புதிதல்ல. கேட்காமலேயே செய்த காலமும் இருந்தது.

நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களே அதிகம் மடிந்தார்கள். அரிசிதான் காரணமா என்று அறிய, 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி, மறு பிரிவுக்கு வெள்ளை அரிசி. ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இருவருக்கு மட்டுமே. அவர்களும் சேரும்போதே நோயோடு வந்தவர்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், செமினி இருக்கும் உலு லங்காட் மாவட்டத்துக்கு அண்டை மாவட்டமான ஜெலுபுவில், சாலை வேலை செய்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதேபோன்ற ஆய்வை நடத்தி அதை உறுதிப்படுத்தினர். தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் உயிர்காக்கும் சத்து உள்ளது என்ற அறிவுக்கு இந்த ஆய்வுகள் வழிகாட்டின. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம்.

ஆனாலும் அந்த விடுதியில் வரிசையில் நின்ற யாரும், "எனக்கு எந்த அரிசி, அதனால் எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டிருக்க முடியாது. மனநோய் விடுதியில் இருந்தவருக்கு "வேண்டாம்" என்று சொல்லவும் இடமில்லை. அறிவு கிடைத்தது. விலை கொடுத்தவர்களிடம் அனுமதி வாங்கப்படவில்லை.

இது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ் போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. பெற்றோர் போட வேண்டிய சம்மதக் கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் போட்டிருந்தார்கள். 2013-இல் இந்திய நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். கேட்ட முறைதான் கெட்டது. அதன் விளைவாக நல்ல ஊசியின் மீதே மக்களுக்குச் சந்தேகம் வந்தது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கங்காணி சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தும், டிரெஸ்ஸர் ஊற்றிய மருந்தை என்ன ஏதென்று கேட்காமல் விழுங்கியும் வாழ்ந்த தலைமுறை நம் முன்னோர். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்தப் பழக்கம் நம்மில் பலரிடம் இன்னமும் இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்தவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட அந்தப் பழக்கம் மட்டும் காரணமாக இருக்கக்கூடாது.

மலேசியாவில் விதி என்ன?

மலேசியாவில் பதிவு பெறாத மருந்தை மனிதரிடம் சோதிக்க, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நெறிக்குழு ஒன்றின் ஒப்புதலும் வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளை அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிக்குழு பரிசீலிக்கிறது. 2012 முதல் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பு வெளிநாட்டு நிறுவனங்களின் ஆய்வுகளை இங்குள்ள மருத்துவமனைகளோடு இணைக்கும் பணியைச் செய்கிறது.

சேர்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தரப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் தேவை. எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக அவருக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக்கூடாது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. போக்குவரத்துச் செலவுக்கும் இழந்த நேரத்துக்கும் தொகை தருவது வழக்கம். ஆனால் ஆபத்தை மறக்கச் செய்யும் அளவுக்குப் பெரிய தொகையைக் காட்டி அழைப்பது நெறியல்ல. வீட்டு வாடகை கட்ட வழியில்லாத மாதத்தில் வரும் அழைப்பை, பணம் இருக்கும் மாதத்தில் வந்தால் ஏற்போமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

எந்த ஆய்வானாலும் சேர்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

- இந்த மருந்து இதற்கு முன் மனிதருக்குக் கொடுக்கப்பட்டதா? எத்தனை பேருக்கு? அவர்களுக்கு என்ன ஆனது?
- இது எத்தனையாவது கட்டம்? இதனால் எனக்கு நன்மை உண்டா, அல்லது பிற்காலத்தில் மற்றவர்களுக்கு மட்டும்தானா?
- எனக்கு வெறும் ஊசி கிடைக்க வாய்ப்பு உண்டா?
- பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? காப்புறுதி உள்ளதா? நள்ளிரவில் அழைக்க எண் என்ன?
- இந்த ஊசியால் பிற்காலப் பரிசோதனைகளில், வேலையில், காப்புறுதியில் எனக்குச் சிக்கல் வருமா? வந்தால் சான்று தருவீர்களா?
- என் பெயரும் விவரமும் யாருக்குத் தெரியும்?
- கர்ப்பம் தரிக்கும் திட்டம் இருந்தால் எவ்வளவு காலம் தள்ளிப்போட வேண்டும்?
- இதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குடும்பத்தாரிடம் பேசிவிட்டு வர நேரம் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு "இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடலாம். ஒழுங்கான ஆய்வுக் குழு அவசரப்படுத்தாது. எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைகளில் விளக்கம் சொன்ன பிறகு, புரிந்ததா என்று தன்னார்வலரிடம் கேள்வி கேட்டுப் பார்ப்பதுகூட உண்டு. சரியாகப் பதில் சொல்லாதவருக்கு மறுபடியும் விளக்குவார்கள்.

இன்னும் வராத ஊசி

எச்.ஐ.வி.க்கு இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. நம் அண்டை நாடான தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற சோதனை, 2009-இல் சுமார் 31 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. ஓரளவு பாதுகாப்பைக் காட்டிய முதல் சோதனை அது. பயன்பாட்டுக்கு அது போதவில்லை. அதன்பின் தென்னாப்பிரிக்காவில் 2020-இலும், பல நாடுகளில் நடந்த மற்றொன்று 2023-இலும், பயனில்லை என்று நிறுத்தப்பட்டன.

தடுப்பூசி வரும்வரை வழியே இல்லை என்பதல்ல. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததற்காக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றை மலேசியா பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு மலேசியாதான். நோயுள்ளவர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் நீண்டகாலம் நலமாக வாழலாம். கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழி மற்றவருக்குப் பரவுவதில்லை. தொற்றைத் தடுக்க முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரையும் 2023 முதல் சில அரசு கிளினிக்குகளில் கிடைக்கிறது. அந்த மருந்துகள் அனைத்தும் முதலில் யாரோ சிலரின் உடம்பில் சோதிக்கப்பட்டவைதான்.

சேத்துப்பட்டின் 32 பேருடைய பெயர் வெளியே தெரியாது; தெரியவும் கூடாது. தங்களுக்குப் பயன் தராது என்று தெரிந்தே அவர்கள் கையை நீட்டினார்கள். தெரிந்து நீட்டிய கைக்கும் தெரியாமல் வைத்த கைநாட்டுக்கும் உள்ள தூரம் பெரிது. நாளை ஒரு படிவம் நம் முன் நீட்டப்பட்டால், சேர்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. கேள்வி கேட்காமல் முடிவெடுக்க வேண்டிய நிலை மட்டும் யாருக்கும் வேண்டாம்.